தீவுத் திட்டம்: தொடர்வதா, திருத்துவதா, புதிதாக எழுதுவதா?

ஸ்காட்லாந்தின் தீவுகளுக்கென்று 2018-இல் தனிச் சட்டம் வந்தது. அரசு ஒரு தேசியத் தீவுத் திட்டம் வைத்திருக்க வேண்டும், அதில் எவ்வளவு நடந்தது என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும், ஐந்து ஆண்டுக்குள் திட்டத்தை மறுபார்வையிட வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டளையிடுகிறது. முதல் திட்டம் 2019 டிசம்பர் கடைசியில் வெளியானது. மறுபார்வைக்காக 2023-இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள்.

இப்படியொரு கருத்துக்கேட்பில் கேள்விகள் வீடு, கப்பல், மருத்துவம், இணையம், பள்ளிக்கூடம் என்று தலைப்புவாரியாக நீளும். அத்தனை கேள்விகளுக்கும் அடியில் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: இருக்கும் திட்டத்தை அப்படியே தொடர்வதா, வேண்டிய இடங்களில் திருத்துவதா, புதிதாக ஒன்றை எழுதுவதா. மூன்றுக்கும் லாப நட்டம் உண்டு. கருத்துக் கேட்கும் முறையையும் சேர்த்தே எடைபோட வேண்டும். யாரிடம், எந்த மாதத்தில், எந்த வழியில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து வரும் பதிலே மாறிவிடும்.

யாருக்கான திட்டம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஸ்காட்லாந்தில் 93 தீவுகளில் 1,03,702 பேர் வாழ்ந்தார்கள். ஆறு உள்ளாட்சி மன்றங்களின் கீழ் அவை வருகின்றன. ஓர்க்னி, ஷெட்லாந்து, மேற்குத் தீவுகள் ஆகிய மூன்றும் முழுக்கத் தீவுகளால் ஆனவை. ஹைலாண்ட், ஆர்கைல் அண்ட் பியூட், நார்த் அயர்ஷயர் மூன்றிலும் பெரும்பகுதி நிலம் கரையில், அதாவது தீவல்லாத பெருநிலத்தில், இருக்கிறது. தீவுகள் அவற்றின் ஓரத்தில் கிடக்கின்றன. முதல் வகை மன்றத்தில் கூடுகிற எல்லாருமே தீவுக்காரர்கள். இரண்டாம் வகையில் தீவுக்காரர் கை தூக்கினால் எண்ணிக்கையில் தோற்றுப்போவார். கருத்துக்கேட்பில் ஒரு மன்றத்தின் பதிலை 'தீவின் பதில்' என்று எடுத்துக்கொள்ளும்போது இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறக் கூடாது.

சட்டத்தில் தீவுக்கான வரையறை தாராளமானது. இயற்கையாக உருவாகி, நாலாபுறமும் கடல் சூழ்ந்து, ஓதம் ஏறும்போதும் தண்ணீருக்கு மேலே நிற்கும் நிலம் எதுவும் தீவுதான். பாலம் போன்ற செயற்கைக் கட்டுமானங்களைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. அதனால் 1995 முதல் பாலத்தால் கரையோடு இணைந்திருக்கும் ஸ்கையும் தீவுதான், கப்பலையும் விமானத்தையும் நம்பியிருக்கும் பார்ராவும் தீவுதான். அயர்லாந்தின் கொள்கை இதற்கு நேர்மாறு: பாலமோ கரைப்பாதையோ இல்லாத தீவுகள் மட்டுமே அதற்குள் வரும். எல்லையை அகலமாகப் போட்டால் பலருக்குப் பாதுகாப்பு கிடைக்கும், ஆனால் பணம் பரவி நீர்த்துவிடும். குறுக்கிப் போட்டால் பணம் சேர வேண்டிய இடத்தில் சேரும், ஆனால் பாலம் கட்டிய மறுநாளே ஒரு ஊர் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். பாலம் வந்தாலும் மருத்துவமனைத் தூரமோ வீட்டு விலையோ குறைந்துவிடுவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஸ்காட்லாந்தின் வரையறையே சரி. அதை மறுபார்வையில் யாரும் கைவைக்க விடக் கூடாது.

அப்படியே தொடர்வது

2019 திட்டத்தில் 13 நோக்கங்கள் இருக்கின்றன. மக்கள்தொகை, பொருளாதாரம், போக்குவரத்து, வீடு, எரிபொருள் வறுமை, இணையத் தொடர்பு, உடல்நலம், சுற்றுச்சூழல், பருவநிலை, உள்ளூர் அதிகாரம், கலையும் மொழியும், கல்வி, கடைசியாகச் செயலாக்கம். இவற்றின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட உறுதிமொழிகள். அதை எழுதுவதற்காக 2019-இல் சுமார் 40 தீவுகளுக்கு நேரில் போய்ச் சுமார் 60 கூட்டங்கள் நடத்தி, ஏறக்குறைய ஆயிரம் பேரிடம் பேசியிருந்தார்கள். அந்த உழைப்பைத் தூக்கி எறியக் கூடாது என்பதே தொடர விரும்புவோரின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. தலைப்புகளில் எதுவும் பழசாகிவிடவில்லை. அதிகாரிகளின் நேரத்தை எழுதுவதில் கரைக்காமல் செய்வதில் செலவிடலாம்.

ஆனால் திட்டம் வெளியான மூன்றே மாதத்தில் பெருந்தொற்று வந்தது. பிறகு எரிபொருள் விலை ஏறியது. கட்டுமானச் செலவு எகிறியது. 2022 கணக்கெடுப்பில் மேற்குத் தீவுகளின் மக்கள்தொகை 27,684-இலிருந்து சுமார் 26,100 ஆகக் குறைந்திருந்தது. அதே பத்தாண்டில் ஓர்க்னியில் 21,349 பேர் சுமார் 22,000 ஆகியிருந்தார்கள். ஒரே திட்டத்தின் கீழ் ஒரு பக்கம் தேய்கிறது, இன்னொரு பக்கம் வளர்கிறது என்றால், இரண்டுக்கும் ஒரே மருந்து எழுதிய சீட்டை அப்படியே வைத்திருக்க முடியாது. எனவே முதல் வழி பட்டியலில் இருப்பதற்காக இருக்கிறது; அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் போதாது.

திருத்துவது

பெரும்பாலான அரசுத் துறைகள் மனத்தளவில் விரும்பும் வழி இது. நோக்கங்களை வைத்துக்கொண்டு உறுதிமொழிகளை மட்டும் மாற்றுவது. ஒரு வருடத்துக்குள் முடிக்கலாம். முந்தைய ஆண்டறிக்கைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி, ஏனென்றால் தலைப்புகள் மாறவில்லை.

இதில் தவறு எங்கே நேர்கிறது என்றால், திருத்தம் எப்போதும் கூட்டலாகவே முடிகிறது. ஒவ்வொரு துறையும் தன் உறுதிமொழியைக் காப்பாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு அமைப்பும் ஒன்றைச் சேர்க்கச் சொல்லும். எதையும் நீக்கச் சொல்ல ஆள் இருக்காது. நூறு நூற்றைம்பதாகும். எது முதலில் என்ற வரிசை இல்லாத பட்டியலில் சுலபமானவை முதலில் முடியும், கடினமானவை 'நடைபெற்று வருகிறது' என்ற வரியோடு ஆண்டுதோறும் அடுத்த அறிக்கைக்கு நகரும்.

இன்னொரு குறை ஆழமானது. தீவுத் திட்டத்தின் பல உறுதிமொழிகள் வேறு ஆவணங்களின் தயவில் நிற்கின்றன. கப்பல் போக்குவரத்து அதற்குத் தெளிவான சான்று. ஆரன் தீவுக்கான கிளென் சானாக்ஸ் கப்பலுக்கும் அதன் ஜோடிக் கப்பலுக்கும் 2015-இல் 97 மில்லியன் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். கிளென் சானாக்ஸ் பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கப்பல்கள் பழுதாகும்போதெல்லாம் ஒரு தடத்திலிருந்து கப்பலை எடுத்து இன்னொரு தடத்தில் விட வேண்டியிருந்தது. தீவுத் திட்டத்தில் எத்தனை வரி திருத்தினாலும் கப்பல் கட்டும் தளத்தை அது கட்டுப்படுத்தாது. எனவே திருத்தம் என்ற வழியை ஆதரிப்பவர்கள் ஒவ்வொரு உறுதிமொழிக்கும் பக்கத்தில், இது யார் கையில் இருக்கிறது, அந்தத் துறையின் எந்தப் பட்ஜெட்டிலிருந்து பணம் வரும் என்று எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் திருத்தம் வெறும் சொல்மாற்றமாகப் போய்விடும்.

வீட்டுப் பிரச்சினையில் இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். 2032-க்குள் 1,10,000 கட்டுப்படியாகும் வீடுகள், அவற்றில் 10 விழுக்காடு கிராமப்புறத்திலும் தீவுகளிலும் என்பது அரசின் இலக்கு. பத்து விழுக்காடு என்றால் 11,000 வீடு. இதில் தீவுக்கு எத்தனை? இலக்கில் தனியாக எண் இல்லை. கரையில் இருக்கும் ஒரு கிராமத்தில் பத்து வீடு கட்டுவது, சிமெண்டும் கல்லும் ஆட்களும் கப்பலில் வர வேண்டிய தீவில் பத்து வீடு கட்டுவதைவிட மலிவு. கரையிலேயே கட்டி எண்ணிக்கையை முடித்துவிடலாம், கணக்கு நேராகிவிடும். பதினாயிரம் பேர் உள்ள தீவுக்குப் பத்து வீடு ஒன்றுமில்லை. அறுபது பேர் உள்ள தீவில் இரண்டு வீடு கட்டினாலே பள்ளிக்கூடம் மூடப்படாமல் தப்பலாம். ஆகவே 'தீவுகளில் வீட்டு வசதியை மேம்படுத்துவோம்' என்ற வரிக்குப் பதிலாக, எந்தத் தீவுக் கூட்டத்தில், எத்தனை வீடு, எந்த ஆண்டுக்குள், எந்த நிதியிலிருந்து, யார் பொறுப்பு என்று ஐந்து விவரமும் கொண்ட வரியைக் கேட்பதுதான் பயனுள்ள பதில். கருத்துக்கேட்பில் 'வீடு முக்கியம்' என்று எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். இந்த ஐந்தையும் எழுதுகிறவர்கள் சிலரே. அதிகாரியின் மேசையில் எடுத்து வைக்கப்படுவது அந்தச் சிலரின் தாள்தான்.

புதிதாக எழுதுவது

புதுத் திட்டத்தின் பெரிய நன்மை, குறைக்க முடிவது. நீண்ட பட்டியலைச் சுருக்கி, தீவு மக்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் போக்குவரத்தையும் வீட்டையும் மேலே வைக்கலாம். வளரும் தீவுக்கும் தேயும் தீவுக்கும் வேறு வேறு இலக்கு வைக்கலாம்.

இழப்பும் உண்டு. எழுதி முடிக்க இரண்டு வருடம் போகலாம். அந்த இரண்டு வருடத்தில் பழைய உறுதிமொழிகளுக்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். பழைய திட்டத்தில் நிறைவேறாமல் நின்றவை சத்தமில்லாமல் காணாமல் போகும். இதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது: புதுத் திட்டத்தின் இணைப்பாக, பழைய உறுதிமொழி ஒவ்வொன்றுக்கும் நேராக 'முடிந்தது', 'தொடர்கிறது', 'கைவிடப்பட்டது' என்ற மூன்றில் ஒன்றை எழுதி, கைவிட்டதற்குக் காரணமும் சொல்லும் அட்டவணையைக் கேட்க வேண்டும். புதிதாக எழுதுவதை ஆதரிக்கும் எந்தப் பதிலும் இந்த நிபந்தனையோடுதான் போக வேண்டும்.

இங்கே அயர்லாந்தின் அமைப்பு உதவுகிறது. 1996-க்குப் பிறகு அங்கே தீவுகளுக்கென முழுமையான கொள்கை வரவில்லை. 2023 ஜூனில் வந்த புதுக் கொள்கை பத்தாண்டுக்கானது. அதனோடு மூன்றாண்டுச் செயல்திட்டம் தனியாக வந்தது. அதில் 80 பணிகள். நோக்கம் நீண்ட காலம் நிற்கும், பணிப்பட்டியல் மட்டும் மூன்று ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படும். பணியும் தொட்டுப் பார்க்கும்படி இருக்கிறது: காலியாகக் கிடக்கும் வீட்டைப் புதுப்பிக்கக் கரையில் 50,000 யூரோ வரை மானியம் என்றால் தீவில் 60,000; இடிந்துகிடக்கும் வீட்டுக்குக் கரையில் 70,000 என்றால் தீவில் 84,000. பொருளைக் கப்பலில் கொண்டுவரும் செலவை ஒப்புக்கொண்டு 20 விழுக்காடு கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் திட்டத்தில் இப்படி வரிக்கு வரி எண் கிடையாது. மறுபுறம், அயர்லாந்தின் கொள்கைக்குப் பின்னால் ஸ்காட்லாந்தில் உள்ளதுபோன்ற சட்டக் கடமை இல்லை. அடுத்த அரசு விரும்பினால் அலமாரியில் வைத்துவிடலாம்.

எங்கள் தேர்வு இதுதான்: ஸ்காட்லாந்தின் சட்டத்தின் மேல் அயர்லாந்தின் அமைப்பு. புதுத் திட்டம் எழுதட்டும், பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்குள். பணிப்பட்டியல் தனி ஆவணமாக இருக்கட்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறட்டும். மேலே சொன்ன அட்டவணை கட்டாயம்.

எப்படிக் கேட்பது

இணையப் படிவம் மலிவானது, யாரும் நிரப்பலாம். நிரப்புகிறவர்கள் யார் என்பதுதான் சிக்கல். நேரமும் நல்ல இணையமும் உள்ளவர்கள், ஓய்வு பெற்றவர்கள், அமைப்புகளின் ஊழியர்கள் நிரப்புவார்கள். மீன்பிடிப் படகில் இருப்பவரும் மூன்று வேலை பார்க்கும் இளம் தாயும் நிரப்ப மாட்டார்கள். ஒரு தீவுச் சங்கம் முந்நூறு பேருக்காக அனுப்பிய பதிலும் ஒரு தனியாள் அனுப்பிய பதிலும் எண்ணிக்கையில் ஒன்று ஒன்றாகவே நிற்கும். இதைப் படித்து 'இத்தனை விழுக்காடு ஆதரவு' என்று அறிக்கை எழுதினால் அந்த விழுக்காட்டுக்குப் பொருளே இல்லை.

தபால் ஆய்வு வேறு வகை. 2020-இல் தீவுகளில் வாழும் 20,000 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வினாத்தாள் அனுப்பினார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் தந்தார்கள். முடிவுகளை ஒன்பது பகுதிகளாகப் பிரித்துத் தந்ததுதான் அதன் சிறப்பு. ஓர்க்னியின் பெரிய தீவும் ஓர்க்னியின் வெளித்தீவுகளும் தனித்தனி, ஷெட்லாந்திலும் அப்படியே. சராசரி எடுத்தால் பெரிய தீவின் குரல் சின்னத் தீவை மூழ்கடித்துவிடும். பிரித்துப் பார்த்தால்தான் பள்ளமும் மேடும் தெரியும். ஆனால் ஆய்வு எவ்வளவு பேர் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது.

ஏன் என்பதற்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும். அதற்குச் சில நடைமுறைகள் உண்டு. கூட்டத்தின் நேரத்தைக் கப்பல் அட்டவணையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். வந்த கப்பலிலேயே அதிகாரி திரும்பிப் போகும்படி அமைத்தால் கடைசிக் கப்பலுக்கு ஓடுகிற அவசரத்தில் கூட்டம் முடிந்துவிடும், இரவு தங்கினால்தான் கூட்டத்துக்குப் பிறகான உண்மையான பேச்சு கிடைக்கும். ஏப்ரல், மே மாதங்கள் ஆடு குட்டி போடும் காலம். சிறுவிவசாயிகள் வர மாட்டார்கள். ஜூலை, ஆகஸ்டில் சுற்றுலா உச்சம்; விடுதி நடத்துகிறவர்களும் கடைக்காரர்களும் வர மாட்டார்கள். நவம்பருக்குப் பிறகு காற்றுக்குக் கப்பல் ரத்தாகும், எனவே மாற்றுத் தேதியை முதல் அறிவிப்பிலேயே போட வேண்டும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரைதான் நல்ல காலம். கருத்துக்கேட்பைக் கோடையில் திறப்பதென்றால் இலையுதிர் காலத்தின் கடைசி வரை திறந்து வைத்திருக்க வேண்டும்.

சின்னத் தீவில் ரகசியம் காப்பதும் கடினம். முப்பது பேர் வாழும் இடத்தில் 'சுகாதாரப் பணியாளர், பெண், நாற்பதுகளில்' என்று அறிக்கையில் வந்தால் அது யார் என்று ஊருக்கே தெரியும். நில உரிமையாளரைப் பற்றியோ வேலை கொடுப்பவரைப் பற்றியோ அந்தப் பயத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பதில்களைத் தீவின் பெயரில் வெளியிடாமல் பகுதியின் பெயரில் வெளியிடுவோம் என்று படிவத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கேட்டதால் என்ன மாறும்

கருத்துக்கேட்பு வெறும் சடங்கு என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டு சான்றுகள். 2021-இல் தீவுகளில் குடியேறவோ அங்கேயே தங்கவோ 100 பேருக்குத் தலா 50,000 பவுண்டு வரை தருவதாக அரசு அறிவித்தது. மக்களிடம் கேட்டபோது, வீடும் கப்பலும் இல்லாத இடத்தில் சிலர் கையில் மட்டும் பணத்தைக் கொடுத்து என்ன செய்வது என்ற எதிர்ப்பு வந்தது. 2022-இல் அந்த யோசனை கைவிடப்பட்டது. அடுத்தது, கடலின் 10 விழுக்காட்டில் மீன்பிடிப்பை முற்றிலும் தடுக்கும் பாதுகாப்புப் பகுதிகள். 2022 டிசம்பரில் கருத்துக் கேட்கத் தொடங்கி, 2023 ஏப்ரலில் முடித்தார்கள்; ஜூனில் கைவிட்டார்கள். எந்தெந்த இடம் என்று வரைபடம் காட்டாமல் கொள்கையை மட்டும் முன்வைத்ததால், ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகமும் தன் கடல்தான் போகப்போகிறது என்று பயந்தது. கடலைக் காக்க வேண்டும் என்பதில் உடன்பட்டவர்கள்கூட எதிர்ப்புப் பக்கம் போய்விட்டார்கள். அரைகுறையாகக் கேட்டால் நல்ல யோசனையும் செத்துவிடும்.

திட்டம் எதுவானாலும் தீவுக்காரர் கையில் இருக்கும் கூர்மையான கருவி வேறொன்று: தீவுச் சமூகத் தாக்க மதிப்பீடு. உள்ளாட்சி மன்றமோ சுகாதார வாரியமோ அரசோ ஒரு கொள்கையை அல்லது சேவையை மாற்றும்போது, அது மற்ற சமூகங்களைவிடத் தீவுச் சமூகத்தைக் குறிப்பிடத்தக்க அளவுக்கு வேறாகப் பாதிக்கும் என்று தோன்றினால், இந்த மதிப்பீட்டைச் செய்தாக வேண்டும். 2020 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பலவீனம், 'தோன்றினால்' என்பதில் இருக்கிறது. தோன்ற வேண்டியது அந்த அமைப்புக்குத்தான். தோன்றவில்லை என்று சொல்லிவிட்டால், பாதிக்கப்படும் தீவுவாசிகள் அந்த முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரலாம், ஆனால் கோரிக்கை அதே அமைப்பிடம்தான் போகும். மறுபார்வைக்குப் பதில் எழுதுகிறவர்கள் இங்கே ஒரு மாற்றத்தைக் கேட்பது பயனுள்ளது: மதிப்பீடு தேவையில்லை என்ற முடிவையும், பார்த்த விவரங்களையும், சேவை மாறுவதற்கு முன்பே வெளியிட வேண்டும். மருத்துவமனையின் வெளிநோயாளி நேரத்தைக் காலை ஒன்பதுக்கு மாற்றுவதைக் கரையில் ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் கப்பல் பத்து மணிக்குத்தான் கரை சேரும் தீவிலிருந்து வருகிறவர் முந்தைய நாளே புறப்பட்டு, விடுதிக்குப் பணம் கொடுத்து, இரண்டு நாள் கூலியையும் இழக்க வேண்டியிருக்கும். பதில் எழுதும்போது இந்தக் கணக்கைக் கப்பல் நேரத்தோடும் விடுதிக் கட்டணத்தோடும் அப்படியே எழுதி அனுப்ப வேண்டும். 'தீவுகள் புறக்கணிக்கப்படுகின்றன' என்ற பொது வரியை அதற்குப் பதிலாக வைக்கக் கூடாது.

கருத்துக்கேட்பு முடிந்து பகுப்பாய்வு அறிக்கை வெளியானதும் மூன்று இடங்களைத் திருப்பிப் பாருங்கள். தனியாட்களின் பதிலும் அமைப்புகளின் பதிலும் பிரித்துக் காட்டப்பட்டிருக்கின்றனவா, தீவிலிருந்து வந்தவையும் கரையிலிருந்து வந்தவையும் பிரித்துக் காட்டப்பட்டிருக்கின்றனவா, சிறுபான்மையாக வந்த ஆனால் விவரத்தோடு வந்த யோசனைகளுக்கு ஏற்பதாகவோ மறுப்பதாகவோ ஒரு வரியாவது பதில் இருக்கிறதா. மூன்றாவது இல்லையென்றால், உங்கள் தொகுதியின் ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக அதே யோசனையை எழுத்து மூலக் கேள்வியாக வைக்கலாம். அமைச்சர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், பதில் பொதுப் பதிவில் நிற்கும்.